எதிரி இல்லாத போர்ப்படம்: ஜியாங் ஜாவ்ஹேயின் அகதிகள் சுருள்

படத்தின் ஓரிடத்தில் ஒரு கூட்டம் தரையோடு தரையாக ஒடுங்கிக் கிடக்கிறது. சிலர் இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருக்கிறார்கள். சிலர் அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்கும் பக்கம் நாமும் கண்ணைக் கொண்டுபோனால் அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் காகிதம். விமானம் இல்லை, குண்டு இல்லை, புகைகூட இல்லை.

அந்த ஒன்றுமில்லாத இடம்தான் இந்தப் படத்துக்கு நேர்ந்த அத்தனைக்கும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படத்தின் பெயர் 'லியூமின் தூ'. வரைந்தவர் ஜியாங் ஜாவ்ஹே. முடித்த ஆண்டு 1943. இடம், ஜப்பானிய ராணுவத்தின் பிடியில் இருந்த பெய்பிங், அதாவது இன்றைய பெய்ஜிங். சீன மையும் தூரிகையும் கொண்டு, கொஞ்சம் மெல்லிய வண்ணம் சேர்த்து வரைந்தது. ஏறத்தாழ 2 மீட்டர் உயரம், 26 மீட்டர் நீளம். இரண்டு நகரப் பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அந்த நீளம் வரும். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள், ஏறக்குறைய நம் உயரத்திலேயே. இன்று அதில் பாதிதான் மிஞ்சியிருக்கிறது.

இவ்வளவு பெரிய போர்ப்படத்தில் ஒரு சிப்பாய் இல்லை. கொடி இல்லை, துப்பாக்கி இல்லை. எதிரி என்று விரல் நீட்ட ஓர் உருவம்கூட இல்லை. அப்படி இல்லாததால்தான் எதிரியின் ஊரில் உட்கார்ந்து இதை வரைய முடிந்தது. இல்லாதபோதும் ஒரே நாளில் தடை வந்தது. அப்புறம் ஆட்சி மாறியது. சொந்த நாட்டவரே 'துன்பம் மட்டும் இருக்கிறது, எதிர்ப்பு எங்கே' என்று கேட்டு ஓவியரைக் குற்றவாளி ஆக்கினார்கள். காகிதத்தில் விட்ட ஒரே வெற்றிடத்தை ஆளுக்கொரு விதமாகப் படித்திருக்கிறார்கள்.

ஓடும் சனங்கள்

'லியூ' என்றால் ஓடுதல். ஆற்றுநீர் ஓடுவதற்குச் சொல்லும் அதே சொல். 'மின்' என்றால் மக்கள், 'தூ' என்றால் படம். வெள்ளமோ பஞ்சமோ போரோ வந்து ஊரை விட்டுக் கிளம்பி, போகும் இடம் தெரியாமல் சாலையில் கிடக்கும் சனத்தைச் சீனத்தில் நெடுங்காலமாக இப்படித்தான் சொல்கிறார்கள். நம்முடைய 'அகதி' வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது: கதி அற்றவர், போக்கிடம் இல்லாதவர். அவர்கள் சொல்லில் ஓட்டம் இருக்கிறது; நம் சொல்லில் முட்டுச்சந்து இருக்கிறது. ஜியாங்கின் படத்துக்கு எனக்கென்னவோ நம் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. அந்தச் சுருளில் நடந்துகொண்டிருப்பவர்கள் குறைவு. நின்றுபோனவர்கள், உட்கார்ந்துவிட்டவர்கள், விழுந்துவிட்டவர்கள்தான் அதிகம்.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. அது தெரியாமல் 1943ஐப் புரிந்துகொள்வது கஷ்டம். 1074ஆம் ஆண்டு, சோங் வம்சக் காலம். தலைநகர் கைஃபெங்கின் ஒரு வாசலுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜெங் ஷியா என்ற சின்ன அதிகாரி. பல மாதமாக மழையே இல்லை. வடக்கிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கூட்டம் அவர் காவல் காத்த வாசல் வழியாகவே நகருக்குள் வந்துகொண்டிருந்தது. முதலமைச்சர் வாங் அன்ஷியின் புதிய வரி, கடன் திட்டங்கள் இவர்களை இன்னும் நசுக்குகின்றன என்பது ஜெங் ஷியாவின் கட்சி. மனு எழுதினார், மேலே போகவில்லை. எனவே தான் கண்டதைப் படமாக்கி, அவசரச் செய்தி என்று சொல்லி அஞ்சல் குதிரையில் ஏற்றி நேராக அரண்மனைக்கு அனுப்பிவிட்டார். திட்டங்களை நிறுத்துங்கள், பத்து நாளில் மழை வராவிட்டால் என் தலையை வெட்டுங்கள் என்று கூடவே எழுதினார். ஷென்சோங் பேரரசர் படத்தைப் பார்த்து இரவெல்லாம் தூங்கவில்லையாம். மறுநாள் பல திட்டங்களை நிறுத்திவைத்தார். மழையும் வந்ததாக வரலாறு சொல்கிறது. அந்த ஆண்டே வாங் அன்ஷி பதவி இழந்தார். ஜெங் ஷியாவும் தப்பவில்லை: அஞ்சல் குதிரையை விதிமீறிப் பயன்படுத்தியதற்குத் தண்டனை, பிறகு நாடு கடத்தல்.

ஆக, சீனத்தில் 'லியூமின் தூ' என்பது வெறும் படத்தலைப்பாக நின்றுவிடவில்லை. 'உன் ஆட்சி கெட்டுவிட்டது, வந்து பார்' என்று அரசனுக்கு எழுதும் மனுவாகவே அது நினைவில் தங்கிவிட்டது. பெய்பிங்கில் காட்சிக்கு வைத்தபோது ஜியாங் இந்தப் பெயரைப் போடவே இல்லை. 'கூட்டுருவப் படம்' என்ற பொருளில், பல்லும் நகமும் இல்லாத ஒரு பெயரை வைத்தார். காரணம் சொல்லத் தேவையில்லை.

எத்தனை பேர் ஓடினார்கள்? 1937 முதல் 1945 வரை நடந்த போரில் வீட்டை விட்டு வெளியேறிய சீனர்கள் 8 கோடி முதல் 10 கோடி வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் மதிப்பீடு. ஜப்பானியப் படையெடுப்புதான் மூலகாரணம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லாரையும் ஜப்பானியக் குண்டு மட்டும் விரட்டவில்லை. 1938 ஜூனில் முன்னேறி வந்த ஜப்பானியரைத் தடுப்பதற்காக, அன்றைய சீன அரசின் தலைவர் சியாங் கை-ஷேக்கின் படையே ஹுவாயுவான்கோவில் மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்துவிட்டது. ஹெனான், அன்ஹுயி, ஜியாங்சு மாகாணங்களில் ஊர் ஊராக மூழ்கின. லட்சக்கணக்கானோர் செத்தார்கள், பல லட்சம் பேர் சாலைக்கு வந்தார்கள். 1942இல் அதே ஹெனானில் பஞ்சம். வறட்சி, வெட்டுக்கிளி, அதற்கு நடுவிலும் ராணுவத்துக்கு விடாமல் வசூலித்த தானியம். மாண்டவர்கள் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் என்று கணக்கிடுகிறார்கள்.

'எதிரியை வரையாதது தணிக்கைக்குப் பயந்து செய்த தந்திரம்' என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாதி உண்மைதான். ஆனால் இந்தச் சாலைகளில் ஓடிய சனத்தை அந்தச் சாலைக்குக் கொண்டுவந்த கை ஒன்றா இரண்டா? ஒரே ஒரு சீருடையை மூலையில் வரைந்திருந்தால் படம் இன்னும் பொய்யாகிப் போயிருக்குமோ என்றும் தோன்றுகிறது.

நகரத்தை விட்டுப் போகாதவர்

ஜியாங் 1904இல் சிச்சுவான் மாகாணத்தின் லூஜோ ஊரில் பிறந்தவர். கஷ்டப்பட்ட குடும்பம். பதினாறு வயதில் பிழைப்புக்காக ஷாங்காய்க்கு வந்தார். காசுக்கு உருவப்படம் வரைவது, கடை விளம்பரம், துணி வடிவமைப்பு என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். ஓவியப் பள்ளியில் முறையாகப் படிக்கவில்லை. ஒரு முகத்தைச் சாயல் தப்பாமல் பிடிக்கும் வித்தை அந்தப் பிழைப்பில் வந்ததுதான்.

1927இல் ஷு பெய்ஹோங்கைச் சந்தித்தார். பாரிஸில் படித்துத் திரும்பியிருந்த ஷு, சீன ஓவியத்துக்குள் ஐரோப்பிய உருவ வரைகலையைக் கொண்டுவர வேண்டும் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். இந்த ஏழை இளைஞனை அவர் விடவில்லை. வழிகாட்டினார், வேலைக்கும் உதவினார். (இதே ஷு பெய்ஹோங்தான் போர்க்காலத்தில் சிங்கப்பூர், பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் என்று கண்காட்சி நடத்தி, கிடைத்த பணத்தைப் போர் நிவாரணத்துக்கு அனுப்பியவர். 1939 கடைசியில் தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதன் வந்தார். மலையைப் பெயர்த்த கிழவன் என்ற சீனக் கதையை 1940இல் இங்கே இருந்தபோதுதான் பெரிய மை ஓவியமாக வரைந்தார். அதில் மண்வெட்டி ஓங்கும் ஆட்கள் சிலருக்கு மாதிரியாக நின்றவர்கள் இந்தியர்கள். சீனக் கதையில் இந்திய உடம்பு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு விடை அதுதான்.)

1937 ஜூலையில் பெய்பிங் விழுந்தது. பேராசிரியர்களும் மாணவர்களும் எழுத்தாளர்களும் தென்மேற்கே குன்மிங்குக்கும் சோங்சிங்குக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஜியாங் போகவில்லை. பெய்பிங்கின் சந்துகளில் பார்த்தவர்களை வரைந்துகொண்டிருந்தார்: தின்பண்டம் விற்கும் கிழவர், பிள்ளையை விற்க நிற்கும் தாய், பிச்சைக்காரச் சிறுவர்கள். நடைபாதையில் பசியோடு கிடப்பவர்கள்தான் என் சொந்தம் என்ற அர்த்தத்தில் தன் படத்தொகுப்பின் முன்னுரையில் அவரே எழுதினார். படிக்க ஓங்கிய குரல் மாதிரி இருக்கும். படங்களைப் பார்த்தால் குரல் ஓங்கவில்லை.

1943இன் பெய்பிங்கில் அரிசி, கோதுமை மாவெல்லாம் சாமானியருக்கு எட்டாத பொருள். 'கலப்பு மாவு' என்று ஒன்றைப் பங்கீட்டில் கொடுத்தார்கள். அதில் என்னென்ன அரைத்துக் கலந்திருக்கிறது என்று கேட்காமல் இருப்பதே நல்லது என்கிற தரம். வரிசையில் நின்று அதையும் வாங்கித் தின்ற ஊர்தான் ஜியாங்கின் படக்கூடம்.

பாறைக்குரிய கோடு

சீன மை ஓவியத்தில் நீள் சுருள் என்பது பொதுவாக ஒரு முழ உயரம்கூட வராது. மேசைமேல் வைத்து, வலப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, பார்த்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போவார்கள். ஒருவரோ இருவரோ, தேநீரோடு உட்கார்ந்து பார்க்கும் சங்கதி. மலை, ஆறு, மூங்கில், மூடுபனி. ஜியாங் அந்த வடிவத்தை எடுத்து 2 மீட்டர் உயரத்துக்கு நிமிர்த்திவிட்டார். இனி அதை மேசையில் விரிக்க முடியாது, சுவரில்தான் மாட்ட வேண்டும். பார்க்கிறவர் உட்கார்ந்து பார்க்க முடியாது. வலமிருந்து இடமாக 26 மீட்டர் நடந்தாக வேண்டும். பக்கத்தில் நிற்கும் உருவங்களின் கண் நம் கண்ணின் மட்டத்தில் இருக்கும்.

பிச்சைக்காரர்களை வரைவது சீனத்தில் புதிது இல்லை. 1516இல் சூஜோவின் ஜோ சென், தெருவில் கண்ட பிச்சைக்காரர்களையும் வித்தைக்காரர்களையும் இருபத்துநான்கு படங்களாக வரைந்திருக்கிறார். அவை இப்போது அமெரிக்காவில் கிளீவ்லேண்ட், ஹொனலூலு அருங்காட்சியகங்களில் பாதிப் பாதியாக இருக்கின்றன. அருமையான படங்கள். ஆனால் அவை தனித்தனி ஆட்கள், கைக்குள் அடங்கும் அளவு. சாயல் காட்டிவிட்டு நம்மைப் போகவிடுகின்றன. ஜியாங் போகவிடுவதில்லை.

முகங்களை அவர் எப்படி வரைந்தார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். சீன மையைத் தண்ணீர் விட்டுக் கல்லில் உரசி எடுப்பார்கள். தண்ணீரின் அளவை வைத்தே கருப்பிலிருந்து சாம்பல்வரை எத்தனையோ படிகள். காகிதம் மையை உடனே உறிஞ்சும். தூரிகை ஒரு கணம் தயங்கி நின்றால் அந்த இடத்தில் திட்டு விழுந்துவிடும். அழிக்க வழியே இல்லை. ஜியாங் முதலில் கரிக்குச்சியால் உருவத்தின் எலும்புக்கூட்டைக் குறித்துக்கொள்வார். அதன்மேல் ஈரத் தூரிகையால் ஒரே இழுப்பில் கோடு. தோள், முழங்கை, துணியின் மடிப்பு எல்லாம் இந்தக் கோட்டில் வந்துவிடும்.

முகத்துக்கு வரும்போது முறை மாறுகிறது. மலைப்படங்களில் பாறையின் சொரசொரப்பைக் காட்ட, ஏறக்குறைய காய்ந்த தூரிகையைப் பக்கவாட்டில் சாய்த்துத் தேய்ப்பது பழைய வழக்கம். 'சுன்' என்று அதற்குப் பெயர். பல நூற்றாண்டாக மலைக்குரிய அந்தத் தேய்ப்பை ஜியாங் கன்னத்தில் பயன்படுத்தினார். கண்குழி, ஒட்டிய கன்னம், கழுத்து நரம்பு, வெடித்த உதடு எல்லாம் பாறைக்குரிய கோட்டில். ஐரோப்பிய முறையில் ஒளி ஒரு பக்கமிருந்து விழும், நிழல் மறுபக்கம் சாயும். இவருடைய முகங்களில் ஒளி எங்கிருந்தும் வருவதில்லை. எலும்பு எங்கே துருத்துகிறதோ அங்கே வெளுப்பு, சதை எங்கே இல்லையோ அங்கே கருப்பு. பசி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையில் நிழல், அவ்வளவுதான்.

துணிக்கு அவ்வளவு கவனம் இல்லை. அகலமான சில தீட்டல்கள், மங்கிய காவி, சாம்பல் பூச்சு. பின்னணி என்பதே பெரும்பாலும் கிடையாது. மரபில் காலியிடம் என்றால் பனி, நீர், வானம், மனதின் அமைதி என்று எத்தனையோ சொல்வார்கள். இங்கே அந்தக் காலியிடத்தில் வீடு இல்லை. படம் முழுக்க வீடு இல்லாததை, வீட்டை வரையாமலே காட்டியிருக்கிறார்.

மரபுக்காரர்கள் இந்த முறையை ஒப்புக்கொள்ளவில்லை. நிழல் தேய்ப்பது தூரிகைக் கோட்டின் உயிரைக் கெடுக்கிறது என்றார்கள். இந்தப் புகாரை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஜியாங்குக்குப் பின்னால் வந்த பல மாணவர்களின் படங்களில் தேய்ப்பு மட்டும் மிஞ்சி, கோடு செத்துத்தான் போயிருக்கிறது. ஆனால் இந்தச் சுருளில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஒற்றர் கண்ணில் படாமல் இருக்க அவர் படத்தைத் துண்டு துண்டாக வரைந்தார். ஒரு பகுதி முடிந்ததும் அதை மறைத்துவைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். மாதிரியாக நின்றவர்களில் தெருவில் கண்டெடுத்தவர்கள் உண்டு, ஓவிய நண்பர்களும் உண்டு. சுருளின் முழு நீளத்தை ஒன்றாக விரித்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கே வரையும்போது இருந்திருக்காது. அதனால்தானோ என்னவோ, குழுக்களுக்கு இடையில் பேச்சே இல்லை. இந்தக் குடும்பம் சாவதை அடுத்த குடும்பம் பார்க்கவில்லை.

பணம் யார் கொடுத்தது

இந்த வழக்கின் சங்கடமான பகுதி இது. 26 மீட்டர் படத்துக்குக் காகிதம், மை, மாதிரிகளுக்குச் சாப்பாடு என்று செலவு இருக்கிறது. கலப்பு மாவு தின்கிற ஓவியரிடம் அது கிடையாது. உதவியவர் யின் தோங். ஜப்பானியர் வடசீனத்தில் வைத்திருந்த பொம்மை அரசாங்கத்தில் கட்டுமானத் துறையின் தலைவர், பச்சையாகச் சொன்னால் எதிரியோடு சேர்ந்துகொண்ட ஆள். படம் முடியும் முன்பே அவர் இறந்துவிட்டார். ஜியாங் அந்த உதவியை மறைக்கவில்லை. அந்தக் காலத்திலேயே நன்றியோடு எழுதினார்.

இதை வைத்து இரண்டு கட்சி இன்றும் இருக்கிறது. ஒன்று, இது துணிச்சலான எதிர்ப்புப்படம், யின் தோங் வெறும் பணப்பை. இன்னொன்று, துரோகியின் தயவில் வந்த படம், இதில் எதிர்ப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது. ஆக்கிரமிப்பில் இருக்கும் ஊரில் வாழ்ந்தவர்களின் நாளை இவ்வளவு சுத்தமாக இரண்டாகப் பிளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. போர் ஓய்ந்தால் சனம் பிழைக்கும் என்று சொல்லும் படத்தை, சரணடைவதற்கான வாதமாக யின் தோங் நினைத்திருக்கலாம். ஜியாங் வேறு எதையோ நினைத்திருக்கலாம். படத்தில் இருப்பது இருவர் நினைத்ததையும் தாண்டிப் போய்விட்டது. பணம் கொடுத்தவர் யார் என்ற கேள்வி வரலாற்றுக்கு முக்கியம். ஆனால் சுருளில் ஒரு தாயின் மடியில் கிடக்கும் பிள்ளைக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

1943 அக்டோபர் 29

காட்சிக்கு வைத்த இடம் தாய்மியாவ். தியானன்மென் வாசலுக்குக் கிழக்கே, மிங், சிங் பேரரசர்கள் தங்கள் முன்னோரை வழிபட்ட கோயில். பேரரசு போனபின் அது பொதுமக்கள் பூங்காவாகியிருந்தது. அரசர்களின் மூதாதையர் வீட்டில், சாப்பாடு இல்லாத நூறு பேர் ஆள் உயரத்தில் வரிசையாக நின்றார்கள்.

அன்றைக்கே ஜப்பானிய ராணுவக் காவல்துறை வந்து காட்சியை மூட வைத்தது. தங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத படத்தில் அவர்கள் தங்களைத் தெளிவாகக் கண்டுகொண்டார்கள். காதைப் பொத்தியிருப்பவர்களின் தலைக்குமேல் பறப்பது எந்த நாட்டு விமானம் என்று 1943இன் பெய்பிங்கில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூலையில் ஒரு கொடியை வரைந்திருந்தால், அதைக் கிழித்தெறியச் சொல்லிவிட்டு மீதியை விட்டிருப்பார்களோ என்னவோ. கிழிக்க எதுவும் இல்லாததால் முழுவதையும் மூடினார்கள்.

1944இல் சுருள் ஷாங்காய்க்குப் போனது. அங்கேயும் காட்சி நடந்தது. பிறகு ஜப்பானியர் இரவல் என்ற பேரில் படத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவில்லை.

அதே 1943இல், இமயத்துக்கு இந்தப் பக்கம், வங்கப் பஞ்சம். கல்கத்தாவின் நடைபாதையில் கிடந்தவர்களை ஜெய்னுல் ஆபேதின் மலிவான பொட்டலக் காகிதத்தில் கருப்பு மையால் வரைந்துகொண்டிருந்தார். மேதினிப்பூர் கிராமங்களை நடந்து பார்த்து வரைந்த சித்தபிரசாத்தின் சிறுநூலை ஆங்கில அரசு கைப்பற்றி எரித்தது. இவர்களுக்கும் ஜியாங்குக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் ஒரே ஆண்டில், ஒரே கருப்பு மையில் வரைந்த ஒரே சங்கதியைப் பார்த்து, ஒன்றுக்கொன்று எதிராகப் போரிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரரசுகளும் ஒரே மாதிரி மிரண்டிருக்கின்றன.

வழியில் இருந்தவர்கள் வரைந்தது

ஜியாங் அகதிகளை வரைந்தார். அவர் அகதி இல்லை. அகதியாகவே நடந்தவர்களும் மையில் வரைந்திருக்கிறார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிகிறது.

ஃபெங் ஜிகாய், ஜெஜியாங் மாகாணத்தின் ஷிமென்வான் ஊர்க்காரர். சில கோடுகளில் குழந்தைகளை வரைந்து பேர் வாங்கியவர். 1933இல் சொந்த ஊரில் ஆசையாக ஒரு வீடு கட்டினார். 1937 நவம்பர் 6ஆம் தேதி அந்தச் சின்ன ஊரின்மேல் குண்டு விழுந்தது. இரண்டு வாரத்தில் கிழவர் குழந்தை எல்லாரையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினார். வீடு எரிந்த செய்தி வழியில்தான் வந்து சேர்ந்தது. ஜியாங்சி, ஹுனான், குவாங்சி, குய்ஜோ என்று மாகாணம் மாகாணமாக நகர்ந்து, 1942இல் சோங்சிங் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய ஒரு சின்னப் படத்தில் தாய் ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். குண்டுச்சிதறல் பட்டு அவள் தலை போய்விட்டது. குழந்தை இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது. எந்தத் தேய்ப்பும் இல்லை, பத்துப் பதினைந்து கோடுகள். சிறுவர் பத்திரிகையில் வரும் படத்தின் அதே கை. அதனாலேயே தாங்க முடியவில்லை. ஜியாங் வரையாமல் விட்டதை ஃபெங் வரைந்தார், ஏனென்றால் அவர் நின்ற மண்ணில் அதை வரைய முடிந்தது. அளவைக்கூட நிலம்தான் தீர்மானித்திருக்கிறது: நாடு சுற்றி ஓடுகிறவரால் பெட்டிக்குள் வைக்கிற படம்தான் வரைய முடியும். 26 மீட்டர் காகிதத்துக்கு ஓரிடத்தில் இருக்க வேண்டும், பணம் கொடுக்க யாராவது வேண்டும்.

குவாங்ஜோ 1938 அக்டோபரில் விழுந்தபின் மக்காவுக்குத் தப்பிப்போன குவான் ஷான்யுவே, நகரைவிட்டு வெளியேறும் கூட்டத்தை 1939இல் நீண்ட சுருளாக வரைந்தார். அதில் மனிதர்கள் சின்னவர்கள், நிலப்பரப்பு பெரியது. கூட்டத்தோடு கூட்டமாக நடந்தவருக்குக் கண்ணில் பட்டது பக்கத்து ஆளின் முகத்தைவிடப் போக வேண்டிய தூரம் போலிருக்கிறது.

1953, ஒரு கிடங்கு

படம் போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1953இல் ஷாங்காயின் ஒரு கிடங்கில் முன்பாதி கிடைத்தது, பூஞ்சை பிடித்து உளுத்த நிலையில். பின்பாதி கிடைக்கவில்லை.

அதற்குள் சீனம் மாறியிருந்தது. ஜியாங் பெய்ஜிங்கின் மத்திய நுண்கலைக் கழகத்தில் ஆசிரியர். ஷு பெய்ஹோங் தொடங்கி வைத்து ஜியாங் மை ஓவியத்துக்கென்று வகுத்துக் கொடுத்த உருவப்பயிற்சி ஒரு தலைமுறைக்கே பாடத்திட்டமானது. ஆனால் புதிய கம்யூனிஸ்ட் அரசுக்கு வேண்டிய உழைப்பாளி நிமிர்ந்து நிற்பவன். இந்தச் சுருளில் நிமிர்ந்தவர்கள் மிகச் சிலர். எதிர்ப்பு எங்கே, நம்பிக்கை எங்கே என்ற கேள்விகள் எழுந்தன. கலாச்சாரப் புரட்சியில் யின் தோங்கின் பணமும் சேர்ந்துகொண்டது. தேசத்துரோகப் படம் என்றார்கள். ஃபெங் ஜிகாயும் அதே ஆண்டுகளில் வேட்டையாடப்பட்டார். 1975இல், பழி நீங்குவதற்கு முன்பே இறந்தார். ஜியாங் தாக்குப்பிடித்து 1986வரை இருந்தார்.

ஒரு விசித்திரம். சீனத்தில் பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளைக்கும் ஜியாங்கின் ஒரு படம் மனப்பாடம். பெயர்தான் தெரியாது. 1959இல் அவர் வரைந்த கவிஞர் து ஃபூவின் உருவம் பாடப்புத்தகத்தில் வந்துகொண்டிருந்தது. எட்டாம் நூற்றாண்டில் ஆன் லுஷான் கலகத்தில் குடும்பத்தோடு ஊர் ஊராக ஓடியவர் து ஃபூ, போரும் பசியும் கண்டு எழுதியவர். ஆள் எப்படி இருந்தார் என்று காட்டும் படம் எதுவும் கையில் இல்லாததால், ஜியாங் தன் முகச்சாயலையே கொடுத்ததாகச் சொல்வார்கள். 2012இல் இந்தப் படத்தின்மேல் மாணவர்கள் பேனாவால் கிறுக்கியவை இணையமெங்கும் பரவின: து ஃபூ மோட்டார் சைக்கிளில், து ஃபூ இயந்திரத் துப்பாக்கியோடு, து ஃபூ மடிக்கணினியில். பெரியவர்கள் கோபப்பட்டார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சுருளில் ஒரு துப்பாக்கிகூட வரையாத மனிதரின் கையில் கடைசியில் பிள்ளைகள் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள்.

1998இல் ஜியாங்கின் மனைவி ஷியாவ் சியோங், மிஞ்சிய பாதியைச் சீனத் தேசியக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஈரம் ஏறிய கறைகள் காகிதத்தில் அப்படியே இருக்கின்றன. ஜியாங் காலியாக விட்ட இடங்களில் பழுப்புத் திட்டுகள் பரவி, தூரத்திலிருந்து பார்க்கையில் புகை மாதிரித் தெரிகின்றன. பின்பாதிக்குப் பழைய புகைப்படம் மட்டும்தான் இருக்கிறது. முன்பாதியில் இருப்பவர்கள் இன்னும் நம் உயரத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தப் புகைப்படத்தில் ஒரு கட்டைவிரல் உயரம்கூட இல்லை.